காற்றைக் கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுங்கள்: ராமநாதபுரம் கடலோரத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் முதுகுப்பையோடு இரண்டு முறை சுற்றியிருக்கிறேன். ஒருமுறை தை மாதத்தில் ஆறு நாள். இன்னொருமுறை ஆடியில் நான்கு நாள். முதல் பயணத்தின் முதல் இரண்டு நாளும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கடற்கரை என்றால் அலை, மணல், குளியல், சாயங்காலச் சுண்டல் என்று ஒரு படம் மனதில் இருந்தது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் அலையே இல்லை. நீராடியவர்கள் விட்டுப்போன வேட்டியும் சேலையும் கரையோரம் நனைந்து கிடந்தன. மறுநாள் பாம்பனுக்குப் போய் வடக்குப் பக்கம் உட்கார்ந்தால் கடல் கலங்கி, காற்று முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை, டீக்கடை வாசலில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வாடை அடிக்கிற மாசத்துல வடக்கயே உக்காந்திருந்தா எப்படி தம்பி? ரோட்டத் தாண்டி தெக்க போய்ப் பாருங்க, தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கும்" என்றார். போனேன். குந்துகால் பக்கம் தண்ணீர் அப்படித்தான் கிடந்தது. வடக்கே கொந்தளித்த அதே காலையில், தெற்கே முழங்கால் ஆழத்தில் நின்று என் கால் விரல்களை எண்ண முடிந்தது.

அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டு நாள் வீணாகியிருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காற்று

நிலப்படத்தில் ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே பாருங்கள். மண்டபம் வரை நிலம் நாக்குபோல நீண்டுகொண்டே போகும். அதன்பிறகு பாம்பன் கால்வாய், பிறகு ராமேஸ்வரம் தீவு. தீவின் தென்கிழக்கு முனை வால்போல இழுபட்டு அரிச்சல்முனையில் முடிகிறது. இந்த நாக்குக்கும் வாலுக்கும் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடல் ஆழம் குறைந்தது, பொதுவாக அமைதியானது. அதைப் பெண்கடல் என்றும், தெற்கே அலையடிக்கும் கடலை ஆண்கடல் என்றும் ஊரில் சொல்வார்கள். ஆனால் இந்தப் பெயர்களை மட்டும் நம்பிக் கிளம்பினால் என்னைப்போல ஏமாந்துவிடுவீர்கள். அன்றன்றைக்குக் கடலின் குணத்தைத் தீர்மானிப்பது காற்று.

மீனவர்கள் திசைக்கு ஒரு காற்று வைத்திருக்கிறார்கள்: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். ஐப்பசியிலிருந்து தை வரை வாடையின் காலம். அப்போது வடக்குக் கரை கலங்கும், தெற்குக் கரை அடங்கிக் கிடக்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சானும் சோழகமும். அப்போது அப்படியே தலைகீழ்: தெற்கே அலை ஆளுயரத்துக்கு எழும், வடக்கே கடல் கண்மாய்த் தண்ணீர்போல நிற்கும். ஆடியில் நான் தனுஷ்கோடி சாலையில் நின்றபோது வலப்பக்கம் ஒரே இரைச்சல், இடப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான்.

அதனால் தினமும் காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போது டீக்கடையிலோ, வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமோ "இன்னைக்கு என்ன காத்து அண்ணே?" என்று கேளுங்கள். எந்தக் கரைக்குப் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, தை கடைசியிலிருந்து மாசி முடிய என் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பூநாரைகள் வந்திருக்கும். பங்குனி, சித்திரையில் பகலில் வெளியே நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றிவிட்டால் படகுகள் கடலுக்குப் போகாது, தனுஷ்கோடிப் பக்கமும் விட மாட்டார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். கடமைக்காக வருகிறவர்களுக்கு உரிய நாட்கள் அவை. ஊர் நிறைந்திருக்கும், அறை வாடகை பல மடங்காகும்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இரவு ரயில்கள் உண்டு. மதுரைக்கு வந்துவிட்டால் அங்கிருந்து ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் ஓயாமல் ஓடுகிறது. முடிந்தால் ரயிலில், அதுவும் பகல் வெளிச்சத்தில் பாம்பனைக் கடப்பதுபோலப் பார்த்து வாருங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 முதல் பக்கத்திலேயே புதிய பாலம். கப்பல் வரும்போது அதன் நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். பழைய பாலத்தில் அது இரண்டு கைகளும் விரிவதுபோலத் திறந்தது. கட்டுமானத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இதற்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம்.

பஸ்ஸில் வந்தால் 1988-ல் திறந்த சாலைப் பாலம் வழியாகத்தான் வருவீர்கள். அதன் மேலிருந்து வண்ணவண்ணப் படகுகளும் இரண்டு கடலும் தெரியும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. வாடகை பைக்கில் போகிறவர்கள் பாலத்து நடுவில் நிறுத்தாதீர்கள். எதிரும் புதிருமாக பஸ் வரும் இடம். பைக்கை முனையில் விட்டுவிட்டு நடைபாதையில் நடந்துபோய்ப் பாருங்கள்.

ராமேஸ்வரம் பஸ் நிலையம் கோவிலிலிருந்து தள்ளி இருக்கிறது. விடிகாலையில் முதுகுப்பையோடு இறங்கினால் ஆட்டோ அண்ணன்கள் சூழ்ந்துகொள்வார்கள். "ரூம் வேணுமா சார்?" என்று கேட்டு அழைத்துப்போகிறவருக்கு விடுதியில் கமிஷன் போகும், அது உங்கள் வாடகையில்தான் ஏறும். எனக்கு அப்படி நடந்தது: ஜன்னல் இல்லாத அறைக்கு, மறுநாள் நானே விசாரித்துப் போன நல்ல அறையைவிட அதிகம் கொடுத்திருந்தேன். கோவில் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, வெளிச்சம் வந்தபிறகு நீங்களே நடந்து தேடுங்கள்.

எங்கே தங்குவது

இரண்டு ராத்திரிக்கு மேல் கோவில் தெருக்களில் தங்க வேண்டாம் என்பது என் கருத்து. கோவிலுக்கு அது வசதி, கடலுக்கு இல்லை. மீதி நாட்களுக்குப் பாம்பன் அல்லது மண்டபம் பக்கம் வீட்டோடு சேர்ந்த சின்ன அறைகள் கிடைக்கின்றன. காலையில் படகு வந்து சேர்வதை நடந்துபோய்ப் பார்க்கலாம், வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். கையில் காசு குறைவு என்றால் ராமநாதபுரம் நகரத்திலேயே அறை எடுத்துக்கொண்டு தினமும் ஒரு திசைக்கு பஸ் பிடிக்கலாம். அறையைப் பார்க்கும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் நீர் கொப்பளித்துப் பாருங்கள். பல இடங்களில் உப்புத்தண்ணீர்தான் வரும். குளிக்கப் பரவாயில்லை, ஆனால் சோப்பு நுரைக்காது. குடிக்கத் தனியாகத் தண்ணீர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவில் நாள்

கடலுக்காக வந்தவர்களும் கோவிலுக்கு ஒரு காலைப்பொழுதைக் கொடுக்க வேண்டும். மூன்றாம் பிரகாரத்தின் தூண் வரிசை 1,212 தூண்கள் கொண்டது. ஒரு மூலையில் நின்று பார்த்தால் மறுகோடி சிறு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். விடிகாலையில் ஸ்படிக லிங்க தரிசனம். பிறகு விருப்பம் இருந்தால் 22 தீர்த்தங்களில் நீராடலாம். கிணற்றுக்குக் கிணறு தண்ணீரின் ருசி மாறுவதை நாக்கிலேயே உணரலாம். நனைந்த உடையோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள், மாற்று உடை கட்டாயம். போனை உள்ளே கொண்டுபோக முடியாது, அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நிம்மதி. நீராட்டுக்குக் கட்டணச் சீட்டைக் கவுன்ட்டரிலேயே வாங்குங்கள். தனியாக அழைத்துப்போகிறேன் என்று வருகிறவர்களிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள்.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் பஸ் போகும் வழியிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும்.

தனுஷ்கோடி

இதற்கு ஒரு முழு நாள். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை அரசு பஸ் போகிறது. ஆட்டோவிலும் வேனிலும் "எல்லா இடமும் மூணு மணி நேரத்துல" என்று கூப்பிடுவார்கள். அப்படிப் போனால் முனையில் ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்புவீர்கள், அவ்வளவுதான். முதல் பஸ்ஸில் போய், முனை வரை பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் பழைய ஊரில் இறங்குங்கள். சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். கடைசி பஸ் எப்போது என்பதை நடத்துனரிடம் போகும்போதே கேட்டுவையுங்கள்.

பழைய ஊரில் இருப்பவை சில சுவர்கள்: கூரை இல்லாத தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த்தொட்டி. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில் பிடித்து கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அப்படியே கடல் கொண்டுபோனது. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு அங்கேயே இருக்கிறார்கள். அந்தச் சுவர்களின் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்து எனக்கு மனம் வலித்தது. பேரைக் கிறுக்காதீர்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள். உப்புக்காற்றில் அவை ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கின்றன.

அங்கே என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியது தண்ணீர். இரண்டு பக்கமும் கடல் இருக்க, மணலில் கையால் தோண்டிய சின்ன ஊற்றிலிருந்து ஓர் அக்கா கொட்டாங்குச்சியால் நீர் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். குடிக்கக் கொடுத்தார், இனித்தது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் வருகிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும். அந்த ஊற்றுகள் அவர்கள் வீட்டுக் கிணறு. அவற்றின் பக்கத்தில் கால் கழுவுவது, குப்பை போடுவது எதுவும் கூடாது.

நிழல் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை. காற்று அடிப்பதால் வெயில் சுடுவது தெரியாது, ராத்திரிதான் தோல் எரியும். கச்சான் காலத்தில் மணல் பறந்து கண்ணில் விழும், சாலையையே மூடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முனையில் சில நேரம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துவிடும், டேட்டா ரோமிங்கை அணைத்துவையுங்கள்.

வழியில் கோதண்டராமர் கோவில் திருப்பத்தில் உப்புநீர்ப் பரப்பு இருக்கிறது. மாசி வாக்கில் பூநாரைகள் அங்கே கூட்டமாக இரை தேடும். பக்கத்தில் போக நினைத்துத் தண்ணீரில் இறங்காதீர்கள், எழுந்து பறந்துவிடும், சேற்றிலும் கால் புதையும். சாலையிலிருந்தே தூரநோக்கியில் பார்க்கலாம்.

குளிப்பது

அரிச்சல்முனையில் இறங்கவே கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே சந்திக்கிறது, மணல் திடீரென்று சரிந்து ஆழமாகிறது. நீச்சல் தெரிந்தவர்களும் இறந்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போய்ச் செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

குளிக்க வேண்டுமானால், கச்சான் காலத்தில் உச்சிப்புளிக்கு வடக்கே உள்ள அரியமான். குஷி பீச் என்றும் சொல்கிறார்கள். சவுக்குத் தோப்பு நிழல், வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர். விடுமுறை நாளில் கூட்டமும் பிளாஸ்டிக்கும் அதிகம். வார நாள் காலையில் எனக்கு அந்தக் கரையே சொந்தம்போல இருந்தது. பக்கத்துப் பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டுகள் உண்டு. வாடைக் காலத்தில் தெற்கே திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரை போகலாம்.

ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும், காலடி அதிர்வு கேட்டால் விலகிப்போகும். சொறி என்கிற ஜெல்லிமீன் மிதக்கும் நாட்களில் இறங்க வேண்டாம். உடம்பில் பட்டால் தீப்பட்டதுபோல எரியும்.

கூட்டம் இல்லாத பக்கம்

பெரும்பாலானோர் ராமேஸ்வரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கடலோரம் பிடித்துப்போனது ராமநாதபுரத்திலிருந்து வடக்கேயும் தெற்கேயும் பஸ் ஏறிய பிறகுதான்.

வடக்கே தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்கள், நவபாஷாணம். அதையும் தாண்டித் தொண்டி போகும் வழியில் காரங்காடு. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். காலையில் போனால் பறவைகள் அதிகம். தெற்கே கீழக்கரை. அங்குள்ள பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் பாண்டிநாட்டுக் கோவில் மண்டபத்தில் நிற்பதுபோலவே இருக்கும். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு, தலையையும் கால்களையும் மூடிய உடையில் போங்கள். அங்கிருந்து ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கரை நீண்டுகொண்டே போகிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பளங்கள் வெயிலில் கண் கூசும். பஸ் குறைவு, எனவே திரும்பும் பஸ்ஸை முதலில் விசாரியுங்கள்.

சாப்பாடு

கோவிலைச் சுற்றி சைவம்தான். மீனுக்குப் பாம்பன், மண்டபம் பக்கம் வர வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்டுச் சாப்பிடுங்கள்: விளமீன், பாறை, நகரை, கணவாய். காரல் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். பொடி மீன்தான், முள் இருக்கும், ஆனால் அந்த ருசி வேறு எதிலும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை ஏறியிருக்கும்.

தனுஷ்கோடிக் கொட்டகைகளில் மீனைப் பொரிக்கச் சொல்வதற்கு முன் விலையைக் கேளுங்கள். ஒரு கடையில் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு, நான் நினைத்ததைப்போல மூன்று மடங்கு கொடுத்தேன். கேட்டுவிட்டுச் சாப்பிட்ட அடுத்த கடையில் ஒரு துண்டு கூடுதலாகவே வைத்தார்கள்.

இது பனைநாடு. மாசி முதல் பதநீர், பிறகு நுங்கு, மார்கழி, தையில் பனங்கிழங்கு. கீழக்கரையில் தொதல் வாங்குங்கள். அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து நெடுநேரம் கிண்டிய இனிப்பு, பல நாள் கெடாது.

நடந்துகொள்ளும் முறை

ஆதார் அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். எல்லைக் கடல், கடலோரக் காவல் போலீஸ் கேட்பார்கள். டிரோன் கொண்டுவராதீர்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. தனியார் படகில் "தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், வனத்துறை நடத்தும் படகில் மட்டும் போங்கள். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எதையும் எடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வழக்கு உங்கள் மேல்தான் பாயும்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் கடலிலிருந்து ஏறி வருவார்கள். பல மணி நேரம் நீருக்குள் மூச்சடக்கி வேலை செய்துவிட்டு நனைந்த உடையோடு வருகிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அக்கா என்று கூப்பிட்டு, உட்கார்ந்து பேசிவிட்டு, பிறகு கேளுங்கள். எல்லை தாண்டியதாகக் கைதாகி இலங்கைச் சிறையில் இருந்து திரும்பியவர்களும் இந்த ஊர்களில் உண்டு. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

அப்புறம், கருவாடு. பாம்பனில் நல்ல கருவாடு கிடைக்கிறது. அதை ஊருக்குக் கிளம்பும் நாளில் மட்டும் வாங்குங்கள். நன்றாகக் காய்ந்ததா என்று வளைத்துப் பாருங்கள், ஒடிய வேண்டும். தாளில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, துணிகளோடு வைக்காமல் முதுகுப்பையின் வெளிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.